பதில் வந்தா அடுத்த படி

பேச்சி: படி.

ஜவஹர்: ஆச்சு.

பேச்சி: படி.

ஜவஹர்: ஆச்சு... மெல்லமே, மெல்ல. கண்ணாடி உன் பக்கம் சாயுது பாரு.

பேச்சி: சாயட்டும். இப்போதைக்கு என் பக்கம் சாயுத ஒண்ணே ஒண்ணு இதுதான்.

ஜவஹர்: தொயில்ல வெளாட்டு வேணாம். டியூபை ஒயுங்கா புடிச்சிக்கினியா?

பேச்சி: சைக்கிள் டியூபை ரெண்டா மடிச்சு, விளிம்புக்குக் குடுத்து, அதுக்கு மேல கை. நீங்க சொல்லிக்குடுத்ததுதான? கொரோனா நேரத்துல துணிக்கடை மூடிக்கிடந்தப்ப உங்ககூட எத்தனை கண்ணாடி தூக்கியிருப்பேன். படி.

ஜவஹர்: ஆச்சு. அது சன்னக் கண்ணாடிமே, ஜன்னலுக்குப் போடுறது. இது மூஞ்சி பாக்குற கண்ணாடி. ஆறடிக்கு மூணடி. கை நழுவுச்சுன்னு வையி...

பேச்சி: நழுவாது. நாள் பூரா பட்டுச்சேலைக் கட்டு எறக்கி ஏத்துத கை இது. படி.

ஜவஹர்: ஆச்சு. இந்த ஷோயப்பு கதைதான் எனக்கு வெளங்கல. காலைல தி. நகர்ல லோடு ஏத்தச் சொல்லோ பாட்டு பாடிக்கினு இருந்தான். ஆழ்வார்பேட்டை வந்து, இந்த அபார்ட்மெண்டு கேட்டாண்ட வண்டிய நிறுத்துனான் பாரு, காய்ச்சல்ன்றான்.

பேச்சி: காய்ச்சல் சொல்லிட்டா வரும்?

ஜவஹர்: கேட்டாண்ட நீ நிக்கிற. லீவு நாள்ல, துப்பட்டாவ இடுப்புல கட்டிக்கினு, கையில டியூபு. அதுவும் சொல்லாம வந்துச்சா?

பேச்சி: திருப்பம். இடது.

ஜவஹர்: ஆச்சு. பேச்ச மாத்தாத.

பேச்சி: கேட்டீங்களா, பேச்சாம்! என் வீட்டுக்காரர் வாயிலேருந்து! போன மாசத்துலேருந்து வீட்டுல அப்படி ஒரு சாமானே கிடையாதே.

ஜவஹர்: தோ பாரு, தூக்கச் சொல்லோ சண்ட வேணாம்.

பேச்சி: தூக்கும்போதுதான் வேணும். வீட்டுல நான் வாயைத் தொறந்தா நீங்க என்ன செய்வீங்க? சட்டையை மாட்டுவீங்க. செருப்பைத் தேடுவீங்க. மந்தவெளி டீக்கடையில போயி உக்காந்துக்கிடுவீங்க. வீட்டுல இருக்கதே ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டா நான் ஃப்ரிட்ஜ்கூடவா பேசுவேன்? இப்பத் தேடுங்க பாப்போம் செருப்பை. கண்ணாடிக்கு ஒரு முனையில நீங்க. மறுமுனையில நான். எங்க போவீங்க?

ஜவஹர்: அடிப்பாவி... இதுக்குத்தான் வந்தியா?

பேச்சி: இதுக்கேதான் வந்தேன். படி.

ஜவஹர்: ...

பேச்சி: படின்னேன். பதில் வந்தாத்தான் அடுத்த அடி. இது யாரு போட்ட சட்டம்?

ஜவஹர்: ...நான் போட்டதுதான். ஆச்சு.

பேச்சி: கண்ணாடி தூக்குதவங்க ஊமையா இருந்தா கண்ணாடி மிஞ்சாதுன்னீங்க. முன்னால போறவங்க சொல்லணும், பின்னால வாறவங்க பதில் குடுக்கணும், பதில் வராம கால் நகரக் கூடாதுன்னீங்க. உங்க மொதலாளி கஃபார் பாய் கண்ணாடிக்கடையில யாரு புதுசா சேந்தாலும் மொதப்பாடம் இதைத்தான் நடத்துதீங்க. வீட்டுக்கு மட்டும் ஏன் கொண்டுவர மாட்டேங்கீங்க?

ஜவஹர்: வூடு இன்னா கண்ணாடியா?

பேச்சி: பின்ன, இரும்புன்னு நெனச்சீங்களா?

ஜவஹர்: சே... இந்த லிஃப்டு மட்டும் ஓடியிருந்தா இந்நேரம் மாட்டிட்டே இறங்கியிருப்பேன். நேரம் பாத்துப் பழுதாவுது.

பேச்சி: அதான் கீழ போர்டு தொங்குதே, என்ன செய்ய? படி.

ஜவஹர்: ஆச்சு. மொத மாடி வந்துச்சா?

பேச்சி: வந்திருச்சு. இன்னும் மூணு இருக்கு.

ஜவஹர்: கைய மாத்திக்கலாம். வை.

பேச்சி: ...

ஜவஹர்: வைமே.

பேச்சி: மாட்டேன். 'வை'ன்னு நீங்க சொன்னா 'ஆச்சு'ன்னு நான் சொல்லணும். அப்பத்தான் வைக்க முடியும். நான் சொல்லல.

ஜவஹர்: கோட்டி புடிச்சிகீதா உனக்கு?

பேச்சி: கல்யாணமாகி இத்தனை வருசத்துல எங்க ஊர்ப்பேச்சுல அது ஒண்ணுதான் கத்துக்கிட்டீங்க! கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. என்னை எங்க கடையோட திருநெல்வேலி கிளைக்கு மாத்துதாங்க. ஃப்ளோர் சூப்பர்வைசர். சரியோ, மாட்டேனோ, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மேனேஜர்கிட்ட சொல்லியாகணும். உங்க மனசுல என்ன இருக்கு?

ஜவஹர்: அதான் சொல்லிட்டேனே.

பேச்சி: யார்கிட்ட?

ஜவஹர்: ஷோயப்பாண்ட.

பேச்சி: நான் ஷோயப் அண்ணனுக்கா கழுத்தை நீட்டினேன்?

ஜவஹர்: கை வலிக்குதுமே...

பேச்சி: எனக்கும்தான் வலிக்கு. அண்ணன் வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'போறதுன்னா போகச் சொன்னான்.' அவ்வளவுதான். சொல்லிட்டு வண்டியைக் கெளப்பிட்டுப் போயிட்டாங்க.

ஜவஹர்: நான் அப்டி சொல்லல.

பேச்சி: பின்ன எப்படி?

ஜவஹர்: 'அது வேலைக்கு வந்த நாள்லேந்து நின்னுக்கினே கீது. அங்க போனா உக்கார ஒரு நாற்காலியாவது குடுப்பான். போறதுன்னா போகச் சொல்லு, நான் இன்னா மூஞ்சிய வச்சிக்கினு தடுக்கறது'ன்னேன். அவன் நடுவுல கீறத மட்டும் புட்டு எடுத்துக்கினு வந்துட்டான்.

பேச்சி: அண்ணனைக் குத்தம் சொல்லாதீங்க. கூட்டாளி பொண்டாட்டி முன்னால நின்னு அவ காலு வலியப் பத்தி எப்படிப் பேசுவாங்க? கூச்சப்பட்டுச் சுருக்கிட்டாங்க. எனக்கோ... வாசக்கதவைத் தொறந்து விட்டு, 'கெளம்பு'ன்ன மாதிரி இருந்துச்சு.

ஜவஹர்: நீ மட்டும் இன்னாவாம்? நீயும் அவன் கிட்டதான சொல்லி அனுப்புன?

பேச்சி: என்ன சொல்லி அனுப்பினேன்?

ஜவஹர்: 'சோத்துக்கு வருவாரா, இல்ல பூனைக்குப் போட்டுடவா'ன்னு.

பேச்சி: அய்ய! 'சாப்பாட்டுக்கு வருவாரான்னு கேளுங்கண்ணே, நான் சாப்பிடாம இருக்கேன்'னுதான சொன்னேன். பூனை எங்கேருந்து வந்துச்சு?

ஜவஹர்: பூனைய... அவனே சேத்துக்கினான் போல கீது.

பேச்சி: போகும்போது ஒண்ணைக் கொறைக்காரு, வரும்போது ஒண்ணைக் கூட்டுதாரு. நல்ல தூதுவரு!

ஜவஹர்: சிரிக்காதமே, கண்ணாடி ஆடுது.

பேச்சி: நீங்கதான் சிரிக்கீங்க. கண்ணாடியில தெரியுது.

ஜவஹர்: அப்ப நீயும் கண்ணாடிலதான் என்னப் பாத்துக்கினு வர்ற.

பேச்சி: நேராப் பாத்தா நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிடுவீங்க. சரி, ரெண்டாவது மாடியில வைக்க விடுதேன். நடங்க. படி.

ஜவஹர்: ஆச்சு. நானும் ஒண்ணு கேப்பேன்.

பேச்சி: கேளுங்க! கேக்கத்தான் சொல்லுதேன்.

ஜவஹர்: உனக்கு உள்ள கோவம் கொதிக்கும். ஆனா என்னாண்ட பேசறப்போ கஸ்டமர் கிட்ட பேசற கொரலு வந்துடும். 'அக்கா, இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும்'னு சொல்லுவ பாரு, அந்தக் கொரலு. 'ஒண்ணும் இல்லைங்க, நீங்க சாப்பிடுங்க'ன்ற. நான் சாப்புடவா, எழுந்து ஓடவா?

பேச்சி: ...

ஜவஹர்: இன்னா, பதில காணோம்?

பேச்சி: ...ஆச்சு. அந்தக் குரல் நெசந்தான். கடையில யாரு என்ன திட்டினாலும் சிரிச்சே பழகிருச்சு. வீட்டுக்கு வந்தும் அதைக் கழட்டி வைக்க வரமாட்டேங்கு.

ஜவஹர்: இன்னைக்கு அந்தக் கொரலு இல்ல.

பேச்சி: இன்னைக்கு இருக்காது. ரெண்டாவது மாடி. வை.

ஜவஹர்: ஆச்சு. அப்பாடா... சாச்சிடாத, நிமித்தியே புடிச்சிக்கலாம். நீ பின்னால போயித் தாங்கிக்க. நான் மூஞ்சிப் பக்கம் புடிச்சிக்கிறேன்.

பேச்சி: இப்ப உங்களை எனக்குத் தெரியவே இல்ல. பழுப்பு பெயிண்டுதான் தெரியுது.

ஜவஹர்: எனக்கு என் மூஞ்சி மட்டும்தான் தெரியுது. அது ஒண்ணும் பாக்கற மாதிரி இல்ல.

பேச்சி: அதைத்தான் நான் ஒரு மாசமா பாத்துட்டு இருக்கேன்.

ஜவஹர்: அம்மா... அம்மா, நாயப் புடிச்சிக்கோமா! உள்ள இன்னொரு நாயி கீதுன்னு நெனச்சிக்கினு பாயுது. ஆமாம்மா, நாலாவது மாடிக்குத்தான். இல்லம்மா... பரவால்ல. நாங்க இப்டியே போய்க்கிறோம்.

பேச்சி: யாரு அது? அந்தக் குலைப்புல ஒண்ணுமே கேக்கல.

ஜவஹர்: இந்த மாடி அம்மாதான். நாயக் கூட்டிக்கினு வாக்கிங் போயிட்டு வருது.

பேச்சி: படியேறியா வாறாங்க?

ஜவஹர்: ...ம்.

பேச்சி: பாவம்.

ஜவஹர்: பாவம்தான். தூக்கு.

பேச்சி: ஆச்சு. இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுங்களேன்.

ஜவஹர்: போதும். இன்னாவோ கேட்டுக்கினு இருந்தியே. கேளு.

பேச்சி: என்னது, நீங்களே கேக்கச் சொல்லுதீங்க?

ஜவஹர்: இன்னும் ரெண்டு மாடி கீதில்ல.

பேச்சி: படி. அப்பக் கேக்கேன். திருநெல்வேலி சேதி வந்த அன்னைக்கு உங்களுக்கு போன் பண்ணேன், எடுக்கல. வாய்ஸ்ல பேசி அனுப்பினேன். நீங்க பதிலுக்கு என்ன அனுப்பினீங்க? ஒரு கட்டைவிரல் பொம்மை. அன்னைக்கு விழுந்த பூட்டுதான் உங்க வாயில. ஏன்?

ஜவஹர்: ஆச்சு. ...நீ சிரிச்ச.

பேச்சி: என்னது?

ஜவஹர்: அந்த வாய்ஸ்ல. 'மாத்துதாங்களாம்'னு சொல்லிக்கினே கிக்கிக்கின்னு சிரிச்ச. நான் பனகல் பார்க்காண்ட வண்டில உக்காந்துக்கினு மூணு தபா போட்டுக் கேட்டேன். மூணு தபாவும் சிரிச்ச. நம்பள உட்டுப் போறதுக்கு இவ்ளோ சந்தோசமான்னு...

பேச்சி: நில்லுங்க.

ஜவஹர்: நின்னுட்டேன்.

பேச்சி: நான் அழுதேன்.

ஜவஹர்: டபாய்க்காத.

பேச்சி: ட்ரையல் ரூமுக்குள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு, தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டே பேசினேன். வெளியில ஒரு கஸ்டமரம்மா கதவைத் தட்டிக்கிட்டே நின்னாங்க.

ஜவஹர்: தட்டுறதும் கேட்டுச்சு. கடைல எல்லாரும் உனக்குக் கைதட்டுறாங்கன்னு நெனச்சேன்.

பேச்சி: கைதட்டா!

ஜவஹர்: டகடகடகன்னு கேட்டுதுமே...

பேச்சி: டகடகவா? அந்தம்மா மெதுவாத்தான தட்டினாங்க... இங்கேருங்க. உங்க போன்ல வாய்ஸை எப்படிக் கேப்பீங்க?

ஜவஹர்: எப்டி கேப்பாங்க, காதாலதான்.

பேச்சி: வேகம் எதுல வச்சிருக்கீங்க?

ஜவஹர்: ...ரெண்டுல.

பேச்சி: ரெண்டு மடங்கு வேகத்துலயா!

ஜவஹர்: கஃபார் பாயி ஒரு ஜன்னல் அளவ சொல்றதுக்குள்ள அவரு முட்டி வலிய முழுசா சொல்லி முடிப்பாரு. அத்தொட்டு ஷோயப்புதான் ரெண்டுல வச்சிக் குட்த்தான். அப்பால எப்டி மாத்தறதுன்னு தெரியல, அப்டியே உட்டுட்டேன்.

பேச்சி: கட்டின பொண்டாட்டி அழுகையை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிட்டு...

ஜவஹர்: எனக்கு இன்னா தெரியும்! 'சூப்பர்வைசரு'க்கு அப்பால வார்த்த ஒண்ணும் வெளங்கல, சிரிப்புதான் கேட்டுச்சு.

பேச்சி: கேட்டிருந்தாத் தெரியும்! வீட்டுக்கு வந்து, 'இன்னாத்துக்குமே சிரிச்ச'ன்னு ஒரு வார்த்தை. சட்டியைத் தூக்கி அடிச்சாவது கேட்டிருக்கலாம். அன்னைக்கே தீந்திருக்கும்.

ஜவஹர்: கேட்டு, நீ 'ஆமா, சந்தோசந்தான்'னு சொல்லிட்டா? அப்ப நான் இன்னா பண்றது? கேக்காத வரைக்கும் ஒடையல.

பேச்சி: ஒடஞ்சதைத்தான் பேப்பர் சுத்தி வச்சிருந்தீங்க. சரி. அன்னைக்குப் பேசினதை இப்ப ஒரு மடங்குல சொல்லுதேன். கைய மட்டும் விட்டுராதீங்க.

ஜவஹர்: உட மாட்டேன். சொல்லு.

பேச்சி: 'இங்கேருங்க... என்னைத் திருநெல்வேலிக்கு மாத்துதாங்களாம். சூப்பர்வைசராம். ஒரு மாடி முழுக்க என் பொறுப்பாம். எனக்குன்னு ஒரு நாற்காலியாம். நின்னு நின்னு கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்குங்க. போகணும்னு ஆசையா இருக்கு. ஆனா ராத்திரி நீங்க யார்கூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னு நெனச்சா... மூச்சு முட்டுது. சீக்கிரம் வாங்க. பேசணும்.' அவ்வளவுதான். இதுதான் அதுல இருந்துச்சு. படி.

ஜவஹர்: ...

பேச்சி: படின்னேன்.

ஜவஹர்: இருமே. கண்ண மறைக்குது. படி தெரியல.

பேச்சி: தொடச்சுக்கிடுங்க.

ஜவஹர்: எந்தக் கையால?

பேச்சி: தோள்ல தேச்சுக்கிடுங்க. நான் தாங்கிக்கிடுதேன்.

ஜவஹர்: ...ஆச்சு.

பேச்சி: மூணாவது மாடி. வைக்கப் போறதில்ல. நின்னமேனிக்கே கேளுங்க. நான் உத்தரவு வாங்க வரல. போறதா வேண்டாமாங்குத முடிவு என்னுது. 'கூடாது'ன்னு நீங்க கையை நீட்டினா நின்னுற மாட்டேன். 'போ'ன்னு சொன்னா ஓடிறவும் மாட்டேன்.

ஜவஹர்: அப்ப இன்னாத்துக்கு என்னக் கேக்குற?

பேச்சி: உங்க மனசு தெரியாம எடுத்தா அது அரைகுறை முடிவு. அதுக்குத்தான். அதைச் சொல்லாம இந்தக் கண்ணாடி மேல போகாது. கஃபார் பாய் போன் பண்ணட்டும், மேல கண்ணாடிக்குக் காத்திருக்க கீர்த்தி மேடம் வந்து கத்தட்டும், நான் இங்கனயே நிப்பேன். நின்னு பழகின காலு இது.

ஜவஹர்: மொறைக்காதமே.

பேச்சி: மொறைப்பேன்.

ஜவஹர்: ...சரி. இனிமே 'படி' நான் சொல்றேன். நீ பதில் சொல்லு.

பேச்சி: முன்னால போறவங்கதான சொல்லணும்?

ஜவஹர்: நான் போட்ட சட்டம், நானே மாத்திக்கிறேன். படி.

பேச்சி: ஆச்சு.

ஜவஹர்: நீ போறது எனக்குப் புடிக்கல.

பேச்சி: ...ஆச்சு.

ஜவஹர்: படி. துளிகூடப் புடிக்கல.

பேச்சி: ஆச்சு.

ஜவஹர்: ஆனா நீ போவணும். அந்த நாற்காலில நீ கால நீட்டி உக்காந்துக்கினு கீறத என் கண்ணால பாக்கணும். படி.

பேச்சி: ஆச்சு... அதெப்படி ரெண்டும் நெசமாகும்?

ஜவஹர்: தெர்ல. ரெண்டும் நெசம். எத சொல்றதுன்னு தெரியாமதான் வாய மூடிக்கினேன். 'வேணாம்'ன்னா உன் காலு கெட்டுப்பூடும். 'போ'ன்னா தொரத்துறேன்னு நெனச்சிக்குவ. எத சொன்னாலும் பாதி பொய்யாப் பூடுது.

பேச்சி: ரெண்டையும் சேத்தே சொல்லியிருக்கலாம்ல?

ஜவஹர்: சேத்து சொல்லலாம்னே இன்னைக்குத்தான் தெரிஞ்சிது. திருப்பம். இடது.

பேச்சி: ஆச்சு.

ஜவஹர்: இப்ப நீ சொல்லு. இன்னா முடிவு?

பேச்சி: போறேன்.

ஜவஹர்: ...

பேச்சி: பதில்?

ஜவஹர்: ...ஆச்சு.

பேச்சி: ஒரு தடவை நான் ரயிலேறி வருவேன், மறு தடவை நீங்க வரணும். ராத்திரி போன் எடுக்கணும். எடுத்துட்டு 'ம்', 'ம்'னு உறுமக் கூடாது.

ஜவஹர்: வேற இன்னா சொல்றது?

பேச்சி: எங்க கண்ணாடி மாட்டினீங்க, எது ஒடஞ்சுது, யாரைத் திட்டினீங்க, எல்லாந்தான். சண்டை போடணும்னாலும் அதுலயே போடுங்க. நானும் கடைக்குரலை அங்கனயே விட்டுட்டு வாரேன். ஷோயப் அண்ணன் வழியா ஒரு வார்த்தை வரக் கூடாது. என் வாய்ஸை ஒரு மடங்குலதான் கேக்கணும்.

ஜவஹர்: கஃபார் பாய் வாய்ஸ?

பேச்சி: அவருக்கு நாலு மடங்கு வச்சுக்கிடுங்க.

ஜவஹர்: நாலாவது மாடி. வை.

பேச்சி: ஆச்சு. செவத்துல சாச்சாச்சு... ஏங்க.

ஜவஹர்: இன்னாமே.

பேச்சி: ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது. ஷோயப் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்ல. கீழ டீக்கடையில பஜ்ஜி தின்னுட்டு இருக்காங்க. நான்தான் சொல்லி வச்சேன்.

ஜவஹர்: அது கேட்டாண்டவே தெரியும். காய்ச்சக்காரன் எங்கனா பொண்டாட்டியப் பாத்து, 'பாத்து தூக்குமா, ரொம்ப கனம்'னு சொல்லிக்கினு சிரிப்பானா?

பேச்சி: இன்னொண்ணும் இருக்கு... லிஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் ஓடுது. வாட்ச்மேன் எங்க ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. அவரைக் கெஞ்சி, பழுதுன்னு அந்த போர்டை நானே மாட்டினேன். லிஃப்ட்ல வந்தா ஒரு நிமிசம். ஒரு நிமிசத்துல உங்ககிட்டேருந்து என்ன வாங்க முடியும்? ...என்ன, சிரிக்கீங்க? நாலு மாடி உங்களை ஏமாத்தி ஏற விட்டிருக்கேன், சிரிக்கீங்க?

ஜவஹர்: ரெண்டு மாடிதான்மே ஏமாத்துன. கீழ கார் நிறுத்துற எடத்துல போர்டு மாட்ட மறந்துட்ட. அந்த நாய்க்காரம்மா லிஃப்ட்ல வந்துதான் எறங்குச்சு. 'இதுல ஏத்திக்கினு போங்களேன்'னு எனக்காவ கதவக்கூட புடிச்சிக்கினு நின்னுச்சு. நான்தான் வேணாம்ட்டேன்.